போர்டுல சத்தம் வரணும்னா ஸ்கீமேட்டிக்க கர்னலுக்கு ஒழுங்கா சொல்லணும்

எம்பெடட் போர்டுல ஆடியோ பிரிங்-அப் பண்றவங்க, அதாவது புது போர்டுல மொத தடவையா சத்தம் வர வெக்கறவங்க, நெறைய பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க. அதே கோடெக் (டிஜிட்டல் ஆடியோவ அனலாக் சத்தமா மாத்தற சிப்) போட்ட வேற ஏதோ போர்டோட டிடிஎஸ் ஃபைல (போர்டுல என்ன எங்க கட்டியிருக்குன்னு லினக்ஸ் கர்னலுக்கு சொல்ற டிவைஸ் ட்ரீ ஃபைல்) தேடிப் புடிச்சு, அதுல இருக்கற சவுண்டு நோட, அதாவது சவுண்டுக்கான பகுதிய, அப்படியே உருவி ஒட்டி, பில்ட் போட்டு, ஏபிளேங்கற ப்ளே கமாண்ட அடிச்சுப் பாக்கறது. சத்தம் வந்தா சாமி புண்ணியம். வரலைன்னா ஆல்சாமிக்சர தொறந்து இருக்கற எல்லா பாரையும் மேல தள்றது, அப்பவும் வரலைன்னா ஸ்பீக்கர் வயர ஆட்டிப் பாக்கறது. இந்த வழியில போனா சத்தம் ஒரு நாள் வந்துரும், ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியாது, அடுத்த போர்டு ரிவிஷன்ல திரும்ப மொதல்லேந்து.

நான் சில வருஷமா இந்த வேலைலதான் இருக்கேன், கடைசியா பண்ணது ஒரு அனவுன்ஸ்மென்ட் பாக்ஸ். அத வெச்சே சொல்றேன். டிவைஸ் ட்ரீல சவுண்டுக்குன்னு எழுதற ஒவ்வொரு வரிக்கும் ஸ்கீமேட்டிக்ல ஒரு வயரோ ஒரு பார்ட்டோ இருக்கணும். கிளாக்க யார் குடுக்கறா, சப்ளை எங்கேந்து வருது எத்தன வோல்ட், கோடெக்கோட எந்த கால் எந்த ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) போகுது, ஆம்ப யார் ஆன் பண்றா. இத சரியா சொல்லிட்டா மிச்சத்த கர்னல் பாத்துக்கும், நெஜமாவே பாத்துக்கும். சும்மா ஒப்புக்கு எழுதுனா அதுவும் ஒப்புக்குத்தான் ஓடும்.

மொதல்ல இந்த அமைப்பு ஏன் இப்படி இருக்குன்னு ரெண்டு வார்த்தை. லினக்ஸ்ல ஏசாக், அதாவது லினக்ஸோட சவுண்டு அமைப்பான ஆல்சாவுல எம்பெடட் சிப்புகளுக்கான லேயர், 2007ல 2.6.21 கர்னல்ல உள்ள வந்துச்சு, லியம் கிர்ட்வுட்டும் மார்க் பிரவுனும்தான் அதுக்கு முக்கியமான ஆளுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கோடெக் டிரைவர் எழுதுனா அது ஒரு குறிப்பிட்ட ப்ராசசரோட பின்னிப் பெணஞ்சு கெடக்கும், அதே கோடெக்க வேற ப்ராசசர்ல போட்டா டிரைவரயே காப்பி எடுத்து மாத்தணும். ஏசாக் அத மூணா பிரிச்சுது. கோடெக் டிரைவருக்கு சிப்ப மட்டும்தான் தெரியும். ப்ளாட்ஃபார்ம் டிரைவருக்கு ப்ராசசர் பக்கம் இருக்கற ஐ2எஸ் (டிஜிட்டல் ஆடியோ போற வயர்) கன்ட்ரோலரும் மெமரிலேந்து டேட்டா எடுத்துக் குடுக்கற டிஎம்ஏவும் மட்டும்தான் தெரியும். இந்த ரெண்டும் இந்த போர்டுல எப்படி கட்டியிருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் மூணாவது, மெஷின் டிரைவர். இப்ப பெரும்பாலான போர்டுக்கு தனியா மெஷின் டிரைவர் எழுத வேண்டியதே இல்ல, சிம்பிள்-ஆடியோ-கார்டு இல்லன்னா ஆடியோ-கிராஃப்-கார்டு போதும், டிவைஸ் ட்ரீலயே எழுதிரலாம். சி ஃபைல் எழுதணும்னு கை அரிச்சாலும் கொஞ்சம் பொறுங்க, ரெண்டுலயும் முட்டிப் பாத்துட்டு அப்பறம் எழுதலாம்.

எங்க போர்டு இதுதான்: ஐ.எம்எக்ஸ்6 யூஎல்எல் ப்ராசசர், அதோட எஸ்ஏஐங்கற ஆடியோ போர்ட்டுல எஸ்ஜிடிஎல்5000 கோடெக். கோடெக்கோட லைன் அவுட் ஒரு கிளாஸ்-டி ஆம்புக்குப் போய் அங்கேந்து ஸ்பீக்கர். ஹெட்ஃபோன் அவுட் நேரா முன்னாடி இருக்கற ஜாக்குக்கு. எம்கிளாக்குக்கு, அதாவது கோடெக் ஓட வேண்டிய மெயின் கிளாக்குக்கு, ப்ராசசர நம்பாம போர்டுலயே தனியா ஒரு 12.288 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், அதோட எனேபிள் கால் ஒரு ஜிபிஐஓல (சாஃப்ட்வேர் ஹை, லோ பண்ற ப்ராசசர் கால்). ஆம்போட எனேபிளும் வேற ஒரு ஜிபிஐஓல. பெருசா ஒண்ணுமில்ல, ஆனா இதுக்குள்ளயே எல்லாப் பாடமும் இருந்துச்சு.

போர்டு வந்து பவர் போட்ட ஒடனே பூட் லாக்ல சிப் ஐடி படிக்க முடியலன்னு எரர், கூடவே மைனஸ் 6. கோடெக்க கன்ட்ரோல் பண்ற ஐ2சி வயர்ல யார் இருக்கான்னு பாக்க ஐ2சிடிடெக்ட் அடிச்சா 0எக்ஸ்0ஏ அட்ரஸ்ல வெறும் கோடு. யாரா இருந்தாலும் மொதல்ல சோல்டரிங்க சந்தேகப்படுவாங்க, இல்ல புல்-அப் ரெசிஸ்டர. எங்க ஹார்டுவேர் அண்ணன் மைக்ரோஸ்கோப்ப தூக்கிட்டு வந்துட்டார். ஆனா இந்த சிப்போட குணம் என்னன்னா எம்கிளாக் ஓடாம ஐ2சிக்கே பதில் சொல்லாது. டிரைவர் சோர்ஸ்லயே ஐ2சி பேசறதுக்கு முன்னாடி 8 கிளாக் வேணும்னு கமெண்ட் இருக்கு. அப்ப கேள்வி ஐ2சி பத்தி இல்ல, ஆசிலேட்டர் ஓடுதாங்கறதுதான்.

எங்களுக்கு வந்த சாம்பிள் டிடிஎஸ்ல ஆசிலேட்டர ஃபிக்ஸ்டு-கிளாக்னு மட்டும் எழுதியிருந்தாங்க, 12288000ன்னு ஒரு நம்பர். கிளாக் சம்மரி ஃபைல தொறந்தா கர்னலும் அதே நம்பர காட்டுது, எனேபிள் ஆயிருக்குன்னும் சொல்லுது. அத பாத்துட்டு கிளாக் ஓகேன்னு விட்டீங்கன்னா அன்னைக்கி ஃபுல்லா தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஃபிக்ஸ்டு-கிளாக்குன்னா கர்னல் எதையும் அளந்து பாக்காது, நீங்க சொன்னத நம்பும், அவ்ளோதான். ஆசிலோஸ்கோப் ப்ரோப வெச்சா பின்ல ஒரு துடிப்பும் இல்ல, ஏன்னா எனேபிள் கால யாருமே ஹை பண்ணல. எந்த டிரைவருக்கும் அப்படி ஒரு கால் இருக்கறதே தெரியாது.

இதுக்கு ஷார்ட்கட் இருக்கு, ஜிபிஐஓ-ஹாக் போட்டு அந்தக் கால பூட்லயே ஹை பண்ணிரலாம். வேலை செய்யும். ஆனா சரியான வழி அதவிட நாலு வரிதான் அதிகம். ஃபிக்ஸ்டு-கிளாக்குக்கு மேல ஜிபிஐஓ-கேட்-கிளாக்னு ஒரு நோடு, அதோட பேரன்ட் அந்த ஆசிலேட்டர், எனேபிள்-ஜிபிஐஓஸ்ல அந்தக் கால். கோடெக் நோடுல கிளாக்ஸ்ங்கற எடத்துல ஆசிலேட்டருக்கு பதிலா இந்த கேட்ட காட்டணும். இப்ப கோடெக் டிரைவர் ப்ரோப்ல, அதாவது அது ஆரம்பிக்கறப்ப, கிளாக் எனேபிள்னு கூப்பிடறப்ப அது தானா ஜிபிஐஓவ தூக்கிரும், டிரைவர கழட்டுனா தானா எறக்கிரும். நாளைக்கி யாராவது அந்த ஜிபிஐஓவ வேற காலுக்கு மாத்துனாலும் ஒரே எடத்துல மாத்துனா போதும்.

இதுல ஒரு உபகத இருக்கு. ஆசிலேட்டர்ல எனேபிள் கால் ரெண்டு டைப்ல வரும். ஒண்ணு அவுட்புட்ட மட்டும் கட் பண்ணும், உள்ள கிரிஸ்டல் ஓடிக்கிட்டே இருக்கும், ஆன் பண்ண ஒடனே கிளாக் வந்துரும். இன்னொண்ணு ஸ்டேண்ட்பை, மொத்தமா தூங்கிரும், முழிச்சு நெலைக்கு வர சில மில்லிசெகண்ட் ஆகும். இந்த கோடெக் டிரைவர் கிளாக்க ஆன் பண்ணிட்டு காத்திருக்கறது 1 மைக்ரோசெகண்டுதான். ஸ்டேண்ட்பை டைப்ப போட்டா எல்லாம் சரியா எழுதியும் சிப் ஐடி படிக்காது, சில போர்டுல படிக்கும் சில போர்டுல படிக்காதுன்னு பேய் புடிச்ச மாதிரி ஆயிரும். பார்ட் செலக்ட் பண்றப்பவே ஹார்டுவேர் டீம்கிட்ட இத கேட்டு வெச்சுக்கோங்க.

அடுத்தது சப்ளை. பெரும்பாலான டிரைவர்ல சப்ளை எழுதலைன்னா கர்னல் "டம்மி ரெகுலேட்டர் யூஸ் பண்றேன்"னு ஒரு வார்னிங் அடிச்சுட்டு போய்க்கிட்டே இருக்கும், நம்மளும் பழகிப்போய் கண்டுக்க மாட்டோம். எஸ்ஜிடிஎல்5000கிட்ட அது நடக்காது. அந்த டிரைவர் விடிடிஏ (அனலாக் சப்ளை) எத்தன வோல்ட்டுன்னு ரெகுலேட்டர்கிட்ட கேக்கும், டம்மிக்கு பதில் தெரியாது, ரெகுலேட்டர் வோல்டேஜ் சரியா செட் பண்ணலன்னு சொல்லிட்டு படுத்துரும். அதனால எல்லாரும் என்ன பண்றாங்க, ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு நோடு எழுதி விடிடிஏ, விடிடிஐஓ (டிஜிட்டல் கால்களோட சப்ளை) ரெண்டுக்கும் அதையே காட்டிடறாங்க. எரர் போயிரும். சத்தமும் வரும்.

எங்க போர்டுல விடிடிஐஓ 3.3தான், ஆனா விடிடிஏ தனி எல்டிஓ ரெகுலேட்டர்லேந்து 1.8 வோல்ட். சாம்பிள்ல ரெண்டும் 3.3. ஹெட்ஃபோன்ல கேட்டா பாட்டு வருது ஆனா ஏதோ தொண்டை கட்டுன மாதிரி கரகரப்பு, வால்யூம கொறச்சாலும் முழுசா போகல. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவ் குடுத்து ஸ்கோப்ல பாத்தா அலையோட கீழ்ப்பக்கம் அழகா வளஞ்சு இருக்கு, மேல்பக்கம் கத்தியால சீவுன மாதிரி தட்டையா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் வெட்டுதுன்னா பயஸ், அதாவது அலையோட நடு வோல்டேஜ், எடம் மாறிக் கெடக்குன்னு அர்த்தம். டிரைவர் விடிடிஏல பாதிய எடுத்து அனலாக் கிரவுண்டா, அதாவது விஏஜியா செட் பண்ணும். 3.3ன்னு நாம சொன்னா பாதி 1.65, அந்த ரெஜிஸ்டரோட உச்சவரம்பு 1.575 வோல்ட், அங்க போய் நிக்கும். நெஜ சப்ளை 1.8. மேல போறதுக்கு மிச்சம் இருக்கறது கால் வோல்ட் கூட இல்ல, அலை எங்க போகும்? டிடிஎஸ்ல 1.8 ரெகுலேட்டர சரியா காட்டுன ஒடனே விஏஜி 0.9க்கு வந்துச்சு, அலை ரெண்டு பக்கமும் உருண்டையாச்சு. கோடு ஒரு வரி கூட மாத்தல. டிவைஸ் ட்ரீல எழுதற வோல்டேஜ யார் படிக்கப் போறான்னு நெனைக்கறவங்களுக்கு இந்த உதாரணத்ததான் நான் காட்டறது.

இப்ப கிளாக் கணக்கு, இது கொஞ்சம் நீளும். 48 கிலோஹெர்ட்சுக்கு 256 மடங்கு எம்கிளாக்னா 12.288 மெகாஹெர்ட்ஸ், 44.1க்கு 256 மடங்குன்னா 11.2896. நம்மகிட்ட இருக்கறது 12.288 மட்டும்தான். கோடெக் ஸ்லேவா இருந்து ப்ராசசர் பிட்கிளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு) குடுத்தா 44.1 பாட்டு ஓடவே ஓடாது, ஸ்லேவ் மோடுல பிஎல்எல் (ஒரு கிளாக்லேந்து வேற கிளாக் தயார் பண்ற சர்க்யூட்) கெடயாதுன்னு டிரைவரே முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிரும், எம்கிளாக் 256, 384, 512 மடங்குல ஒண்ணா இருந்தே ஆகணும். அதனால கோடெக்கையே மாஸ்டரா போடறதுதான் புத்திசாலித்தனம், அப்ப உள்ள இருக்கற பிஎல்எல் 12.288லேந்து 44.1க்கு வேண்டியத தயார் பண்ணிக்கும். சிம்பிள்-ஆடியோ-கார்டுல பிட்கிளாக்-மாஸ்டர், ஃப்ரேம்-மாஸ்டர் ரெண்டையும் கோடெக் பக்கம் காட்டணும், அவ்ளோதான். ப்ராசசர் பக்கம் கிளாக் ட்ரீயோட மல்லுக்கட்டற தலைவலியும் போச்சு.

இதெல்லாம் பண்ணியும் ஒரு வினோதம். 48ல ரெக்கார்டு பண்ண அனவுன்ஸ்மென்ட் எல்லாம் சரியா வருது, 44.1 பாட்டு மட்டும் வேகமா ஓடுது. எரர் ஒண்ணுமில்ல. பாடறவர் குரல் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிப் போச்சு. மத்தவங்களுக்கு "ஏதோ ஒரு மாதிரி இருக்கு", அவ்ளோதான், டீம்ல பாட்டு கத்துக்கிட்ட ஒரு தம்பிதான் "அண்ணா சுருதி ஏறியிருக்கு"ன்னு அடிச்சு சொன்னான். அவன் காத நம்பி 44.1 ரேட்டுல 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி அளந்தா 1088 வருது. 48ஐ 44.1ஆல வகுத்துப் பாருங்க, 1.088. சந்தேகமே இல்ல, 44.1ன்னு கேட்டா 48ல ஓட்டுது.

காரணம் சாம்பிள்ல இருந்த எம்கிளாக்-எஃப்எஸ் 256ங்கற ஒரே வரி. அதோட அர்த்தம் "எம்கிளாக் எப்பவும் சாம்பிள் ரேட்டுக்கு 256 மடங்கா மாறும்"ங்கறது. கிளாக்க மாத்த முடியற போர்டுக்கு அது சரி. சிம்பிள்-கார்டு என்ன பண்ணுது, 44.1 வந்த ஒடனே எம்கிளாக்க 11.2896க்கு மாத்துன்னு கிளாக் லேயர்கிட்ட கேக்குது. ஃபிக்ஸ்டு-கிளாக்க மாத்த முடியாது, ஆனா கிளாக் லேயர் எரரும் தராது. என்னால முடிஞ்ச பக்கத்து ரேட் 12.288, அதுல தான் ஏற்கனவே இருக்கேன், அதனால சக்சஸ்னு 0 திருப்பிரும். அத நம்பி கோடெக்கிட்ட "எம்கிளாக் 11.2896"ன்னு சொல்லியாச்சு. கோடெக் டிரைவர் பாக்குது, சரியா 256 மடங்கு இருக்கு, பிஎல்எல் எதுக்குன்னு நேரா 256ஆல வகுக்குது. நெஜத்துல உள்ள வர்றது 12.288, வெளிய போறது 48. யாரும் பொய் சொல்லல, ஆனா மொத்தமா தப்பு. அந்த வரிய தூக்கிட்டு, கோடெக் டாய் (ஆடியோ இன்டர்ஃபேஸ்) நோடுல சிஸ்டம்-கிளாக்-ஃப்ரீக்வன்சி 12288000ன்னு போட்டதும் பிஎல்எல் வேலைக்கி வந்துச்சு. புது போர்டு எது வந்தாலும் 44.1, 48 ரெண்டுலயும் டோன் ஓட்டி ஃப்ரீக்வன்சிய அளந்துட்டுதான் ஆடியோ ஓகேன்னு சொல்லணும். காதுல கேட்டு டிக் அடிக்காதீங்க, எல்லா டீம்லயும் பாட்டு கத்துக்கிட்ட தம்பி இருக்க மாட்டான்.

ஆம்ப் விஷயத்துக்கு வருவோம். இங்கயும் மொதல்ல இருந்தது ஜிபிஐஓ-ஹாக்தான், பூட்ல ஹை, அப்பறம் எப்பவும் ஹை. விளைவு: பவர் போட்டதும் டொப்புன்னு ஒரு சத்தம், கோடெக் முழிக்கறப்ப இன்னொரு டொப்பு, நடுவுல நாள் முழுக்க ஸ்ஸ்ஸ்ஸ். ஆம்ப் ஆன்ல இருக்கறப்ப கோடெக்கோட லைன் அவுட் 0லேந்து பயஸ் வோல்டேஜுக்கு ஏறும், அந்த ஏத்தத்தயும் ஆம்ப் விசுவாசமா பெருக்கி ஸ்பீக்கருக்குக் குடுக்கும். கோடெக் நெலைக்கு வந்த அப்பறம் ஆம்ப் ஆன் ஆகணும், ஆம்ப் ஆஃப் ஆன அப்பறம் கோடெக் படுக்கணும். இந்த வரிசைய ஒரு ஆப் எழுதி, ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் போட்டு பண்றவங்கள பாத்திருக்கேன். தேவையே இல்ல, கர்னல்ல டிஏபிஎம்னு, ஆடியோ பாதைய பாத்து தானா ஆன் ஆஃப் பண்ற பகுதி இருக்கறதே இதுக்குத்தான்.

சிம்பிள்-ஆடியோ-ஆம்ப்ளிஃபயர்னு ஒரு குட்டி டிரைவர் இருக்கு. நோடுல எனேபிள்-ஜிபிஐஓஸ், விசிசி-சப்ளை, ஒரு சவுண்டு-நேம்-ப்ரிஃபிக்ஸ் குடுத்துட்டு, கார்டு நோடுல ஆக்ஸ்-டெவ்ஸ்ல அத சேத்துரணும். அது ஐஎன்எல், ஐஎன்ஆர், அவுட்எல், அவுட்ஆர்னு விட்ஜெட்டுகள, அதாவது ஆடியோ பாதையோட ஒவ்வொரு புள்ளிய, உருவாக்கும். ரவுட்டிங்ல லைன்_அவுட்லேந்து ஆம்ப் ஐஎன்எல்லும் ஐஎன்ஆரும், ஆம்ப் அவுட்டுலேந்து ஸ்பீக்கர், ஹெச்பி_அவுட்லேந்து ஹெட்ஃபோன்னு எழுதுனா மொத்தப் பாதையும் கர்னலுக்குத் தெரிஞ்சு போச்சு. அனவுன்ஸ்மென்ட் ஆரம்பிச்சா பாதை முழுக்க முழிக்கும், ஜிபிஐஓ கடைசியா ஹை ஆகும். முடிஞ்சா ஜிபிஐஓ மொதல்ல லோ ஆகும்.

ரவுட்டிங் பத்தி ஒரு குழப்பம் நெறைய பேருக்கு இருக்கு, "நான் ரவுட்டிங் எழுதவே இல்ல, ஆனா சத்தம் வருதே"ன்னு. வரும். கோடெக்கோட அவுட்புட் கால எதோடயும் சேக்கலைன்னா அதையே பாதையோட முடிவா எடுத்துக்கிட்டு கர்னல் ஆன் பண்ணிரும். அதனால ரவுட்டிங்க வெறும் அலங்காரம்னு நெனச்சுடறோம். ஆம்ப், ஜாக்னு வெளிய ஏதாவது வர்றப்பதான் அதோட அருமை தெரியும், ஏன்னா ரூட்ல இல்லாத ஆம்ப யாரும் எழுப்ப மாட்டாங்க. பேர்ல ஒரு எழுத்து மாறுனாலும் "நோ சோர்ஸ் விட்ஜெட் ஃபவுண்ட்"னு லாக்ல வந்து நிக்கும், அதனால விட்ஜெட் பேர கோடெக் டிரைவர் சி ஃபைல்லேந்து பாத்து எழுதுங்க, ஞாபகத்துலேந்து எழுதாதீங்க. ஜாக்குக்கும் இதே கததான்: ஹெச்பி-டெட் ஜிபிஐஓ குடுத்தா சிம்பிள்-கார்டு "ஹெட்ஃபோன்ஸ்"ங்கற பேர்ல ஒரு பின்னத் தேடும், கடைசில ஸ் இருக்கணும், நம்ம "ஹெட்ஃபோன் ஜாக்"னு வெச்சிருந்தா அன்னோன் பின்னுன்னு திட்டும்.

இதுக்கப்பறமும் ரெண்டு புகார் பாக்கி இருந்துச்சு. ஒண்ணு, அனவுன்ஸ்மென்ட் முடிஞ்சும் கொஞ்ச நேரம் ஸ்ஸ்ஸ் கேக்குது. அது பக் இல்ல, ஏசாக் ப்ளேபேக் நின்னதும் ஒடனே ஆஃப் பண்ணாம 5 செகண்ட் பொறுக்கும், பாட்டுக்குப் பாட்டு நடுவுல ஆன் ஆஃப் ஆகி டொப்பு டொப்புன்னு அடிக்கக் கூடாதுன்னு. பிஎம்டவுன்_டைம்னு சிஸ்எஃப்எஸ்ல ஒரு ஃபைல் இருக்கு, 5000 இருக்கும், கொறச்சுக்கலாம். நாங்க 500 வெச்சோம்.

இன்னொண்ணு, பவர் போட்ட ஒடனே வர்ற அந்த மொத டொப்பு. அது டிடிஎஸ் எழுதி தீராது. பவர் வந்து கர்னல் எழுந்து ஆம்ப் டிரைவர் ப்ரோப் ஆகற வரைக்கும் அந்த ஜிபிஐஓ கால் எங்க வேணா மெதக்கும். கர்னலுக்கு முன்னாடி ஓடற யூ-பூட்ல லோ பண்ணா கொஞ்சம் கொறையும், அதுக்கும் முன்னாடி இருக்கற நேரத்துக்கு வழியில்ல. ஆம்ப் எனேபிள் கால்லேந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர், கத முடிஞ்சுது. ஹார்டுவேர் அண்ணன் "சாஃப்ட்வேர்ல பாத்துக்கோங்க தம்பி"ன்னு சொன்னா விட்றாதீங்க, ஸ்கோப் படத்த காமிச்சு அடுத்த ரிவிஷன்ல போட வெச்சுருங்க.

அதே பாக்ஸுக்கு ஒரு மலிவு வேரியன்ட்டும் பண்ணோம், கோடெக்கே இல்லாம மேக்ஸ்98357 ஆம்ப மட்டும் வெச்சு. ஐ2சி கெடயாது, எம்கிளாக் வேண்டாம், மூணு வயர் ஐ2எஸ், 4 ஓம் ஸ்பீக்கர். இங்க கிளாக் குடுக்கறது ப்ராசசர் பக்கம், அதனால மாஸ்டர அந்தப் பக்கம் மாத்தணும். ரொம்ப சுலபமா முடியும்னு நெனச்ச எடத்துல புது லாட் போர்டு வந்ததும் குரல் அடையாளமே தெரியாத அளவுக்கு கிழியுது. பழைய லாட் நல்லா இருக்கு, ஒரே இமேஜ். இந்த சிப் ரெண்டு விதமா விக்குது: ஏ-ன்னு முடியறது ஐ2எஸ் ஃபார்மட், பி-ன்னு முடியறது லெஃப்ட்-ஜஸ்டிஃபைடு. ஸ்டாக் இல்லன்னு பர்ச்சேஸ்ல பி வாங்கிட்டாங்க. 1986ல ஃபிலிப்ஸ் வகுத்த ஐ2எஸ்ல, எல்ஆர் கிளாக் (லெஃப்ட்டா ரைட்டான்னு சொல்ற கிளாக்) மாறி ஒரு பிட் தள்ளித்தான் டேட்டா ஆரம்பிக்கும், லெஃப்ட்-ஜஸ்டிஃபைடுல ஒடனே ஆரம்பிச்சுரும். ஐ2எஸ்ஸா அனுப்பறத பி சிப் வாங்குனா ஒரு பிட் நகந்து போகும், சைன் பிட் இருக்க வேண்டிய எடத்துல முந்தின ஸ்லாட்டோட காலி பிட்டு, அதாவது 0. நெகட்டிவ் சைடு முழுக்க பாசிட்டிவா மாறி மேல போய் ஒட்டிக்கும், கேக்க சகிக்காது. ஃபார்மட் வரிய லெஃப்ட்_ஜேன்னு மாத்துனா சரி. இந்த ஆம்போட எஸ்டி கால்ல இன்னொரு கண்ணி இருக்கு, அதுல இருக்கற வோல்டேஜ வெச்சுத்தான் லெஃப்ட்டா, ரைட்டா, ரெண்டும் கலந்தான்னு முடிவாகும். 1.4 வோல்ட்டுக்கு மேல போனா லெஃப்ட் மட்டும். ஜிபிஐஓவ 3.3ல நேரா கட்டுனா ரைட் சேனல்ல இருக்கறதெல்லாம் காத்தோட போச்சு. நடுவுல ரெசிஸ்டர் போடணும், மதிப்பு டேட்டாஷீட்ல இருக்கு, இது கர்னலுக்கு சொல்லிப் புரிய வெக்கற விஷயமே இல்ல.

சத்தம் வரலன்னா நான் பாக்கற வரிசை இது. மொதல்ல ப்ராக்ல ஏசவுண்டுக்குள்ள கார்ட்ஸ் ஃபைல், கார்டு வந்திருக்கா. வரலைன்னா கர்னலோட டிபக் ஃபைல்கள் இருக்கற டிபக்எஃப்எஸ்ல டிவைசஸ்_டெஃபர்டு, எந்த டிரைவர் யாருக்காக காத்துக்கிட்டு கெடக்குன்னு அங்க தெரியும், மைனஸ் 517ன்னு லாக்ல பாத்தா அதுவும் இதேதான், பாதி நேரம் ஒரு ரெகுலேட்டர் டிரைவரோ கிளாக் டிரைவரோ கான்ஃபிக்ல ஆன் பண்ணாம இருக்கும். கார்டு வந்திருந்தா ஏபிளே ஓட விட்டுட்டு ஹெச்டபிள்யூ_பாராம்ஸ பாருங்க, நம்ம கேட்ட ரேட்டும் பிட்டும்தான் ஓடுதான்னு. அப்பறம் ஸ்கோப்: எல்ஆர் கிளாக் 48 கிலோஹெர்ட்ஸ், எஸ்ஜிடிஎல்ல 16 பிட்டுன்னா பிட்கிளாக் 1.536 மெகாஹெர்ட்ஸ். ரெண்டும் இருந்தும் சத்தம் இல்லன்னா டிபக்எஃப்எஸ்ல ஏசாக்குக்குள்ள டிஏபிஎம் டைரக்டரி, ஒவ்வொரு விட்ஜெட்டும் ஆன்னா ஆஃபான்னு எழுதியிருக்கும், பாதையில மொத ஆஃப் எங்கன்னு பாத்தா அங்கதான் வயரு அந்துருக்கு, அதாவது ரூட்டோ மிக்சர் சுவிட்சோ. ஆல்சாமிக்சருக்கு நான் இவ்ளோ தூரம் வந்த அப்பறம்தான் போவேன். டபிள்யூஎம்8960 மாதிரி கோடெக்குல மட்டும் கொஞ்சம் முன்னாடியே போவேன், அதுல அவுட்புட் மிக்சரோட பிசிஎம் சுவிட்ச் ரெண்டும் ஆரம்பத்துல ஆஃப்லதான் இருக்கும்.

ப்ராஜெக்ட் கடைசில ஒரு கோரிக்க எப்பவும் வரும், "டீஃபால்ட் வால்யூம டிவைஸ் ட்ரீல போட்ருங்க"ன்னு. வேண்டாம். வால்யூம் எவ்ளோங்கறது ஸ்கீமேட்டிக்ல இல்ல, அது நம்ம விருப்பம், மெயின்லைனுக்கு அனுப்புனா ரிவ்யூல மொதல்ல அதத்தான் வெட்டுவாங்க. ஜாக் சொருகுனா ஸ்பீக்கர் நிக்கணுமா வேண்டாமாங்கறதும் அப்படித்தான், பின்-சுவிட்ச் மட்டும் டிடிஎஸ்ல குடுத்துட்டு முடிவ யூசர்ஸ்பேஸ்ல ஆல்சாவோட யூசிஎம் கான்ஃபிக்ல வெச்சுக்கலாம். வால்யூமுக்கு ஆல்சாசிடிஎல் ஸ்டோர் பண்ணி ஏசவுண்டு.ஸ்டேட் ஃபைல இமேஜ்ல சேத்துருங்க. அந்த ஃபைல் கார்டு ஐடிய வெச்சுத்தான் பொருத்திப் பாக்கும், ஐடி 15 எழுத்துக்கு மேல போகாது, சிம்பிள்-ஆடியோ-கார்டோட நேம்லேந்து வருது. அதனால கார்டுக்கு சின்னதா ஒரு பேர் வெச்சு மொத ரிவிஷன்லேந்தே அதையே வெச்சுக்கோங்க, ரிலீசுக்கு மொத நாள் யாராவது மார்க்கெட்டிங் பேரா அழகா மாத்துனா சேவ் பண்ணி வெச்ச வால்யூம் ஒண்ணும் ஏறாது.